புளோவர் பில் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு ஜே.சி. ரோட்டுச் சந்தில் இருக்கும் நம் கார் ஏசி கடையை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று நம் ஆட்கள் இருக்கும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறீர்கள். அப்பா கடையைப் பார்த்துக்கொண்ட நாளில் மாருதி 800 கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் இன்று தங்கள் காரோடு வருகிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இரண்டு வாரமாக வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பத்து ரூபாய் ஃபியூஸ் மாற்றுவதற்கு 3,400 ரூபாய் வாங்கிவிட்டோம் என்று. பலர் அதை எனக்கே அனுப்பி, "இது நம்ம கடையா?" என்று கேட்டீர்கள். ஆமாம், நம் கடைதான். ஃபியூஸ் பத்து ரூபாய் என்பதும் உண்மைதான். ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை.

அந்தக் கார் வந்தபோது ஏசி வென்ட்டில் காற்றே இல்லை. நான்காம் ஸ்பீடு வைத்தாலும் உள்ளே சத்தமில்லை. அதற்கு முன் வேறு ஒரு இடத்தில் ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் நிரப்பியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வருத்தமாக இருந்தது. காற்று வந்து குளிர் வராவிட்டால் கேஸைப் பார்க்கலாம். காற்றே வராதபோது முதலில் பார்க்க வேண்டியது புளோவரை, அதாவது காற்றை உள்ளே தள்ளும் மோட்டார் விசிறியை. கேஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபியூஸ் எரிந்திருந்தது. 30 ஆம்பியர் ஃபியூஸ். புதிதாக ஒன்று போட்டோம், இரண்டு நிமிடத்தில் அதுவும் போயிற்று. அங்கேயே நிறுத்தி, இன்னும் பெரிய ஃபியூஸ் ஒன்றைச் செருகி அனுப்பியிருந்தால் பில் 50 ரூபாயில் முடிந்திருக்கும். ஆனால் மோட்டார் கூடுதலாக இழுக்கும் கரண்டில் ஒயரும் சாக்கெட்டும் உருகியிருக்கும். டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கக்கூட வழி உண்டு. அதை நான் செய்ய மாட்டேன். புளோவரை இறக்கிப் பார்த்தால் விசிறிக் கூட்டுக்குள் காய்ந்த பூவும் இலையும் மண்ணும் பிசைந்த மாதிரி இறுகியிருந்தன. விசிறி சுற்ற முடியாமல் மோட்டார் திணறியிருக்கிறது. மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்து முடிந்துவிட்டது. சாக்கெட்டில் கரண்டு போகும் ஒரு முனை ஏற்கெனவே கருகியிருந்தது. மோட்டார் 2,100, சாக்கெட் 300, இறக்கி ஏற்றிய கூலி 1,000. பில்லில் மூன்றும் தனித்தனியாக எழுதித்தான் கொடுத்தோம்.

நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிற கோளாறு. அந்தக் காலத்தில் லால்பாக் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜெர்மன்காரர் கிரும்பிகல் துரை, வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும்படி ஊரில் மரம் வைக்கச் செய்தார் என்பார்கள். ஊருக்கு அது பெரிய அழகு, நிழலில் கார் நிறுத்தாதவர் யார்? ஆனால் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் இருக்கிற கறுப்புச் சல்லடையில் அந்தப் பூவெல்லாம் சேர்கிறது. வெளிக்காற்று உள்ளே போகும் வழியும் அதுதான். சில அடிப்படை மாடல்களில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரே கிடையாது, குப்பை நேராகப் புளோவருக்கே போய்விடும். எலி கூடு கட்டிய கார்களும் வந்திருக்கின்றன. வாரம் ஒரு தடவை அந்த இடத்தைக் கையால் துடைத்துவிடுங்கள். மரத்தடியில் நிறுத்தும்போது வெளிக்காற்று வழியை அடைக்கும் உள்காற்று பட்டனைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

இங்கே வருமுன் வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்பீடாகத் திருப்பிச் சத்தத்தைக் கவனியுங்கள். கடைசி ஸ்பீடில் மட்டும் காற்று வந்தால் பெரும்பாலும் மற்ற ஸ்பீடுகளில் விசிறியின் வேகத்தைக் குறைத்துக்கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். அந்த ஸ்பீடில் கரண்டு ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை, அதனால் அது மட்டும் ஓடும். ரெசிஸ்டரை ஆற வைப்பதும் புளோவர் காற்றுதான், காற்று அடைபட்டால் அதுவும் சூடாகிப் போகும். சத்தம் பலமாக இருந்து காற்று மட்டும் சோகையாக வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கலாம். அரைமணி நேரம் ஓடிய பிறகு காற்று குறைந்து, ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் சரியாகிறதா? காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலின் மேல் பனிக்கட்டி பிடித்திருக்கும். இதற்குக் கேஸ் குறைவும் ஒரு காரணமாகலாம். கண்ணாடிக்கு மட்டும் காற்று போனால் உள்ளே காற்றைத் திசை திருப்பிவிடும் ஃபிளாப் என்ற தகட்டைப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் போனில் சொன்னாலே எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

எங்கள் பக்கம் ஒரு தவறு உண்டு, மறைக்கவில்லை. மோட்டாரை மாற்றுமுன் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கழற்றியதைக் காட்டியிருக்க வேண்டும். இருபது வருடம் நம்மோடு இருந்த பெரிய மெக்கானிக் அண்ணன் தை மாதம் ஊரோடு போய்விட்டார். அவர் இருந்தவரை அதைச் செய்யாமல் ஒரு ஸ்குரூகூடப் போட மாட்டார். அன்று கடையில் நான்கு கார், பையன்கள் இரண்டே பேர். போனில் விலையை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்கினோம். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இனி கழற்றிய பொருளைப் போட்டோ எடுத்து அனுப்பாமல் எதையும் மாற்ற மாட்டோம்.

அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் சோதனைக் கூலி 400 ரூபாய், வேலை செய்தால் பில்லில் கழித்துக்கொள்வோம். மோட்டார் வாரண்டி இனி மூன்று மாதம்.

அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும், "உங்களைத் தெரியாதா" என்று சொல்லி வண்டியைச் சாவியோடு விட்டுப் போனவர்கள் இருக்கிறீர்கள். கடையின் கதவைத் தினமும் திறக்க அந்த வார்த்தை போதுமாக இருந்தது. மனமார்ந்த நன்றி.

புகார் எழுதிய சகோதரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய மோட்டாரையும் கருகிய சாக்கெட்டையும் எறியவில்லை. பையில் கட்டி பெஞ்சுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஞாயிறு தவிர எந்த நாளும் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஜே.சி. ரோட்டு ஏசி கடைக்காரர்