காதை நம்பி மேப் போடாதீர்கள்: நெல்லை இருசக்கர வாகன மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பகுதிகளில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்திவரும் அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆனி மாதம் நம் ஊர்ப் பட்டறை ஒன்றில் என் வண்டிக்கு, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அளவை மாற்றும் எரிபொருள் கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டியைப் பொருத்திக்கொண்டேன். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் ஏற்கெனவே மாற்றியிருந்ததால் வண்டி இழுவையில் திணறியது. அந்தக் குறையைத் தீர்க்கவே அந்தப் பெட்டியை வாங்கினேன். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை நான்கைந்து முறை முறுக்கிப் பார்த்து, சத்தம் கெட்டியாக வந்ததும் மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று பெட்டியில் பதிக்கும் அட்டவணை) சரியாகிவிட்டது என்று கையில் கொடுத்தார்கள். பத்தாம் நாள், நாங்குநேரிக்குச் சற்று முன்னால் நான்குவழிச் சாலையில், பின்னால் ஒரு டாரஸ் லாரி வந்துகொண்டிருந்தபோது இன்ஜின் ஒரேயடியாக அணைந்துபோனது. ஓரமாகத் தள்ளிச்சென்று சீட்டைக் கழற்றினேன். பெட்டியின் கறுப்பு எர்த் வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கொடுக்காமல், பெயிண்ட்கூடச் சுரண்டாத ஒரு சேசிஸ் போல்ட்டில் மாட்டி முறுக்கியிருந்தார்கள். விரலால் தொட்டு அசைத்தால் பெட்டியின் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது.

அந்தப் பட்டறை எது என்பது இங்கே தேவையில்லை. அங்கே நடந்தது பல பட்டறைகளில் நடக்கிறது என்பதால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கார்புரேட்டர் காலத்தில் உங்கள் காதும் கண்ணும் போதுமானவையாக இருந்தன. பிளக் கருத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு என்று கண்டு, ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பியே வண்டியை வசத்துக்குக் கொண்டுவந்தவர்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்து வியந்திருக்கிறேன். 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ் 6 என்ற புகை விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையாகும் பெட்ரோல் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கார்புரேட்டருக்குப் பதில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்தான் இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது அந்த இன்ஜெக்டர் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது சில மில்லிசெகண்டுகள் மட்டுமே. வண்டியின் மின்னணு மூளையான ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே அமர்ந்து, அந்தச் சில மில்லிசெகண்டுகளைச் சற்றே நீட்டுவதோ குறைப்பதோதான் கன்ட்ரோலரின் வேலை. எந்தக் காதுக்கும் எட்டாத அளவு அது.

ஸ்டாண்டில் நிறுத்தி டியூன் செய்வது ஏன் பயன்படாது என்பதை நம் ஊர்ச் சாலையை வைத்தே சொல்கிறேன். மேப் என்பது ஒரு கட்டம்: ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம், ஆக்சிலேட்டரை முறுக்கினால் திறந்து காற்றை உள்ளே விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற விழுக்காடு. பாரமில்லாமல் நிற்கும் வண்டி, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தாலே 6000 ஆர்பிஎம்மைத் தொட்டுவிடும். அதே வண்டி காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழி நோக்கி ஆடிக் காற்றை எதிர்த்து, பின்னால் ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது, அதே 6000 ஆர்பிஎம்முக்கு த்ராட்டிலை முக்கால்வாசி திறக்க வேண்டியிருக்கும். அது கட்டத்தில் வேறொரு மூலை. அந்த மூலையைப் பட்டறை வாசலில் யாரும் தொடவே இல்லை. இன்ஜின் மிகுந்த சூடேறும் இடமும், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனைக் கெடுக்கும் இடமும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஐடிலிலும் சீரான வேகத்திலும் ஈசியூ, சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் சொல்லைக் கேட்டே பெட்ரோலைக் கொடுக்கிறது. அந்த சென்சார் 0.45 வோல்ட்டை நடுவாக வைத்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. நீங்கள் பெட்டியில் 10 விழுக்காடு கூட்டினால், சென்சார் அதைக் காட்டிக்கொடுக்க, ஈசியூ மெல்ல மெல்ல அதைக் குறைத்துப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். வாடிக்கையாளர் முதல் வாரம் வண்டி பறக்கிறது என்று மகிழ்ந்து, அடுத்த வாரம் பழைய குறையோடு உங்கள் வாசலில் வந்து நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அந்தப் பகுதியைக் கையாளத் தனி இணைப்புள்ள கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. அது இல்லாத பெட்டி என்றால் அதை விற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆகவே, எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பதையும் எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் ஒன்றைப் பட்டறைக்கு வாங்குங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். வாங்கியபின் அதை லாம்டா அளவில் வைத்துப் படியுங்கள். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருந்தால் லாம்டா 1; அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல், மேலே போனால் குறைவு. ஒரு பங்கு தனிப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது நாம் மனப்பாடம் செய்த கணக்கு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். லாம்டா 1 என்பது எந்தப் பெட்ரோலுக்கும் 1தான். முழு த்ராட்டிலில் 0.87 அளவில் நின்றால் இழுவையும் கிடைக்கும், இன்ஜினும் தாங்கும்.

மேப்பில் கைவைப்பதற்கு முன் சைலன்சர் பெண்ட் பைப்பின் கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கே கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவு என்று சென்சாரைப் பொய் சொல்லவைக்கும். வேகத்தைக் குறைக்கும்போது பட்பட்டென்று வெடிக்கிறது என்பதற்காக மேலும் மேலும் பெட்ரோலைக் கூட்டி, கடைசியில் கேஸ்கெட் மாற்றியதும் சரியான வண்டிகளை நான் அறிவேன்.

வயரிங்கில் தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள். வயரை வெட்டாமல் சொருகும் கப்ளரோடு வரும் கிட்டையே பயன்படுத்துங்கள். எர்த் வயரைப் பேட்டரிக்கே கொண்டுபோங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நம் தெருக்களில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெட்டியைச் சீட்டுக்கடியில் எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே, கப்ளரின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். வாரண்டி போகலாம், புகைச் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம் என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

என் வண்டியை மீண்டும் சரிசெய்வதற்காக நான் ஒரு வைட்பேண்ட் மீட்டரும், சைலன்சரில் வெல்டு வைக்கும் சென்சார் நட்டுகள் சிலவும் வாங்கி வைத்திருக்கிறேன். பயன்படுத்திப் பார்க்க விரும்பும் பட்டறை எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன். கேடிசி நகரிலிருந்து வள்ளியூர்வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து, மீட்டர் பதிவுசெய்த எண்களை உங்கள் மேப்போடு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்