கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் மாத உதவித்தொகையும் கோரும் மனு

அனுப்புநர்
உடற்கல்வி இயக்குநர் (ஓய்வு),
அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம்,
பெரியமேடு, சென்னை – 600 003.

நகல்: உயர்கல்வித் துறைச் செயலர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: விளையாட்டுப் பிரிவில் கல்லூரிகளில் சேரும் மாணவ மாணவியருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், மாத உதவித்தொகை, காயங்களுக்கான காப்பீடு ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களுக்கு இன்றும் 'பி.டி. சார்'தான். இந்த மனுவை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். திண்ணையில் உட்கார்ந்தவன் வலது காலை நீட்டியே வைத்திருந்தான், மடக்க முடியவில்லை. கபடி ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப்போகிறவன். பிளஸ் டூ முடித்த கையோடு, ஊர்த் திருவிழாக் கபடியில் அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு மேற்கு மாவட்டத்துத் தனியார் கல்லூரி ஒன்று அழைத்துப் போனது. ஃபீஸ் கட்ட வேண்டாம், ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ் ஃப்ரீ, வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூ என்றார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான், துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் அசலாக வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் நன்றாக ஆடினான். பல்கலைக்கழக அணிக்கும் தேர்வாகி, தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கான சவுத் ஸோன் போட்டிக்குப் போனான். மூன்றாம் வருஷம் தொடங்கிய மாதமே பயிற்சியில், கணுக்காலைப் பிடித்து மடக்கும் ஆங்கிள் ஹோல்டில் மாட்டிக் கால் திரும்பியது. 'டக்குனு ஒரு சத்தம் சார், பக்கத்துல நின்னவனுக்கே கேட்டுச்சு' என்றான். ஸ்கேனில் ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. மூன்று வாரம் கழித்துக் கல்லூரி அலுவலகத்தில் கூப்பிட்டு, விளையாடாதவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா எப்படித் தர முடியும் என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வருஷத்துக் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் போகலாம், ஆனால் பாக்கியைத் தீர்த்தால்தான் சான்றிதழ். அவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். கல்லூரி வாசலில் கட்டியிருந்த அட்மிஷன் ஃபிளெக்ஸ் பேனர். கோப்பையைப் பிடித்தபடி நடுவில் நிற்பது அவன்தான்.

அந்தக் கல்லூரியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரு கல்லூரியை மாட்டிவிட்டால் தீரும் விஷயம் இல்லை இது. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், நானும் இதையே செய்தவன். பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், 'நான் பார்த்துக்கொள்கிறேன், அனுப்புங்கள்' என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறேன். பெரும்பாலும் சொன்னபடி பார்த்துக்கொள்ள முடிந்தது. இரண்டு முறை நிர்வாகம் மாறியதும் என் வாக்கு செல்லாமல் போனது. அப்போது அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் முகத்தில் விழிக்க முடியாமல் தெரு மாறி நடந்திருக்கிறேன்.

ஃப்ரீ சீட்டு என்று நாம் சொல்வது தானம் அல்ல, கூலி. காலை ஐந்தரைக்கு மைதானம், சாயங்காலம் மறுபடி மைதானம், செமஸ்டர் தேர்வுக்கு நடுவில் போட்டி. இவ்வளவு உழைப்புக்கும் பதிலாகக் கல்லூரி கொடுப்பது படிப்பும் சாப்பாடும். அது நியாயமான பேரமாகவே இருக்கலாம். ஆனால் பேரம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்குத் தாளும் கையெழுத்தும் வேண்டாமா? கட்டட வேலைக்குப் போகிறவருக்குக்கூட விபத்து நடந்தால் கேட்க ஒரு நலவாரியம் இருக்கிறது.

2022-ல் புரோ கபடி லீக்கின் தமிழ் தலைவாஸ் அணி, ரெய்டர் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி, அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. மறு வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணித் தலைவராகத் தங்கம் வென்றார். புரோ கபடி ஏலத்தில் இன்னும் கூடுதல் விலைக்குப் போனார். நான் சொன்ன பையனுக்கும் அடிபட்டது முழங்காலில்தான். அவருக்கு ஒப்பந்தம் இருந்தது, மருத்துவர் இருந்தார், திரும்பி வரக் காலமும் கிடைத்தது. நம் பையனுக்குக் கிடைத்தது 68,000 ரூபாய்க்கான நோட்டீஸ்.

இன்னொரு சங்கதியும் தங்கள் பார்வைக்கு வர வேண்டும். வெளி மேட்ச். தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் கோடைக்காலம் முழுக்க ஊருக்கு ஊர் விளக்கு வெளிச்சத்தில் கபடித் தொடர் நடக்கும். நல்ல ரெய்டருக்கு ஒரு ராத்திரிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கையில் வரும். கல்லூரிகள் இதைத் தடை செய்கின்றன, தெரிந்தால் சீட்டு போகும். அதனால் பிள்ளைகள் வேறு பெயரில், வேறு ஊர் ஜெர்சி போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். மேட் கிடையாது, செம்மண் தரைதான். கட்டுப்போட்ட விரலில் கட்டைப் பிரித்துவிட்டு இறங்கியவனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடிபட்டால் வெளியில் சொல்லவும் முடியாது. கையில் பணமும் தராமல், சம்பாதிக்கவும் விடாமல் வைத்தால் இருபது வயதுப் பிள்ளை என்ன செய்வான்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சென்ற அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் அரசு தலா 25 லட்சம் கொடுத்தபோது எங்கள் ஊரில் வெடி வெடித்தார்கள். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவே தனியாக இருக்கிறது. மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். அரசுப் பணிகளில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மேலே போய்விட்டவர்களுக்கு ஒன்றிய அரசின் ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான டாப்ஸ் திட்டத்தில் மாதம் 50,000, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் கேலோ இந்தியா திட்டத்து வீரர்களுக்கு மாதம் 10,000 வருகிறது.

இவை எல்லாம் ஜெயித்தவர்களுக்கும் ஜெயிப்பார் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும். அதற்குக் கீழே, பல்கலைக்கழக அணி வரை வந்து, பதக்கத்துக்கு ஒரு படி முன்னால் நிற்கும் பிள்ளைகள் யாருடைய கணக்கிலும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வருஷத்தோடு விளையாட்டை விட்டுவிட்டு டெலிவரி வண்டி எடுப்பதைத்தான் நான் பார்த்துவந்திருக்கிறேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். விளையாட்டுப் பிரிவில் மாணவரைச் சேர்க்கும் எந்தக் கல்லூரியும், என்ன சலுகை, எத்தனை வருஷத்துக்கு என்பதைத் தமிழில் எழுதி, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவர்களிடமே தர வேண்டும். ஆணையம் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துக் கொடுத்தால் போதும், இரண்டு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது. அதில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி: விளையாட்டில் ஏற்பட்ட காயத்தைக் காரணம் காட்டிப் படிப்பு முடியும்வரை சலுகையை நிறுத்தக் கூடாது. இது ஒன்று மட்டும் நடந்தாலே மனுவின் முக்கால் பங்கு நிறைவேறியதாக எடுத்துக்கொள்வேன். வெளிப் போட்டிகளில் ஆடிச் சம்பாதிப்பதைத் தடுக்கும் நிபந்தனையும் அதில் இருக்கலாகாது. வேண்டுமானால் பல்கலைக்கழகப் போட்டிக்கு முந்தைய பத்து நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளட்டும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டுவிட்டது. புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம், இருப்பதை அமல்படுத்தினால் போதும்.

மாத உதவித்தொகைக்கும் புதிய வழி தேட வேண்டியதில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேராக மாணவர் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதே குழாயில் இதையும் விடலாம். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானவர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு நூறு ரூபாய்: நான்கு முட்டை, அரை லிட்டர் பால், இரண்டு வாழைப்பழம் போக பஸ்ஸுக்குக் கொஞ்சம் மிஞ்சும். பணம் கல்லூரி வழியாக வரவே கூடாது. பயணப்படி கல்லூரி வழியாக வந்து பிள்ளைகள் கைக்குச் சேரும்போது என்ன ஆகிறது என்பதை 29 வருஷம் பார்த்தவன் சொல்கிறேன். அதே பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆணையமே குழுக் காப்பீடு எடுத்தால், அறுவை சிகிச்சையோடு நின்றுவிடாமல் அதற்குப் பிந்தைய ஆறேழு மாத பிசியோதெரபிக்கும் வழி பிறக்கும். மூட்டு தேறுவது அங்கேதான், பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுவதும் அங்கேதான்.

கல்லூரி விளையாட்டில் அரசு எதற்குத் தலையிட வேண்டும் என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். அமெரிக்காவில் இதே கேள்வியை வருஷக்கணக்கில் கேட்டார்கள். அங்கே கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலும் கூடைப்பந்தும் பெரும் தொழில், பயிற்சியாளர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். ஆடுகிற மாணவருக்கு மட்டும் 'படிப்பு உதவித்தொகைதான் உனக்குச் சம்பளம்' என்றது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. அதை முதலில் உடைத்தது ஒரு மாநில அரசு. 2019 செப்டம்பரில் கலிபோர்னியா, மாணவர் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிப்பதைக் கல்லூரி தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. 2021 ஜூலையில் என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருஷத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். அடுத்த மாதமே அதிபரும் இந்தப் பண விவகாரம் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தார், அந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. அந்த அளவுப் பணம் நம்மிடம் இல்லை, நம் கல்லூரிப் போட்டியை டி.வி.யில் யாரும் விலைக்கு வாங்குவதும் இல்லை. ஆனால் நம் அரசமைப்பில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கலிபோர்னியா செய்ததை, அதற்கேற்ற சின்ன அளவில், நாம் செய்யத் தடை எதுவும் இல்லை. சொல்லப்போனால் அந்த ஃபிளெக்ஸ் பேனரும் அதே பெயர், பட விவகாரம்தான்.

எழுதிக் கொடு என்றால் கல்லூரிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவையே மூடிவிடும் என்று என் நண்பர்களான சில பி.டி.க்களே பயப்படுகிறார்கள். சில கல்லூரிகள் மூடலாம், மறுக்கவில்லை. ஆனால் கபடியிலும் வாலிபாலிலும் ஜெயித்த படத்தைப் போட்டு அட்மிஷன் பிடிக்கும் நிர்வாகம் அவ்வளவு லேசில் விடாது. எழுத மறுக்கும் கல்லூரி எது என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது பெற்றோருக்கும் நல்லதுதானே.

இது எங்கள் துறை அல்ல, உயர்கல்வித் துறை என்று பதில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அங்கும் நகல் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் தங்களைக் கைகாட்டினால், இரு அலுவலகங்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டுகிறேன். அழைத்தால் சொந்தச் செலவில் வருகிறேன். மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கையால் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன், சட்டம் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

அந்தப் பையனின் பெயரையும் கல்லூரியின் பெயரையும், அவன் சம்மதித்ததால், தனி உறையில் முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். அவனுக்கு ஏப்ரலில் கடைசி செமஸ்டர். தேர்வுக் கட்டணத்தை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டிவிட்டோம். சான்றிதழ்கள் மட்டும் இன்னும் கல்லூரி அலமாரியில் இருக்கின்றன. மனுவின் மற்றக் கோரிக்கைகளுக்குக் காலம் பிடிக்கும் என்று அறிவேன். இந்த ஒன்றை மட்டும் ஏப்ரலுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துத் தருமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உடற்கல்வி இயக்குநர் (ஓய்வு)

இடம்: திருவாரூர் மாவட்டம்
நாள்: 09.02.2026