‘நினைவில்லை’ என்று எழுதும் முன்: ஐ.சி.யு. மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

தலையில் பலத்த அடிபட்டவர் கோமாவிலிருந்து கண் திறக்கிறார். ஆனால் பேசவில்லை, சொன்னதைச் செய்யவும் இல்லை. அவருக்குச் சுயநினைவு இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். அந்த முடிவுக்கு எப்படி வருகிறீர்கள் என்பது பற்றியே எழுதுகிறேன்.

1996இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், உணர்வற்ற நிலை என்று சொல்லி அனுப்பப்பட்ட 40 பேரில் 17 பேருக்கு நினைவு இருந்தது தெரியவந்தது. 2009இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் இதேபோல் உணர்வற்ற நிலை என்று சொல்லப்பட்ட 44 பேரைப் பார்த்தார்கள். 18 பேருக்கு ஓரளவாவது நினைவு இருந்தது. பதின்மூன்று வருடம் கழித்தும் தவறு குறைந்த மாதிரித் தெரியவில்லை. லண்டனில் தவறாகக் கணிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பார்வையற்றவர்கள், அல்லது பார்வை மிகவும் குறைந்தவர்கள். கண் பொருளைத் தொடரவில்லை என்பதை நினைவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

என் அண்ணன் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, காலை ரவுண்ட்ஸுக்கு வந்தவர் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தினார். கையைத் தூக்கச் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது மயக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

இதற்கென்று முறையான அளவுகோல் 2004 முதலே இருக்கிறது: திருத்தப்பட்ட கோமா மீட்பு அளவுகோல். கேட்டல், பார்வை, கை கால் அசைவு, வாய் அசைவு, தொடர்புகொள்ளல், விழிப்பு என ஆறு பகுதிகள். பார்வைக்கான சோதனைக்கு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று போதும். முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்துக்குள் பிடித்து, இடமும் வலமும் மேலும் கீழும் மெல்ல நகர்த்த வேண்டும். வேறு எந்தப் பொருளையும் தொடராத கண்கள்கூடச் சில சமயம் தன் முகத்தைத் தொடர்ந்து போகும். இதை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லவும் கூடாது. இவர்களுடைய விழிப்பு காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி இருக்கும். சில நாட்களுக்குள் ஐந்து முறையாவது பார்க்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்வது அதனால்தான்.

அளவுகோலும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத ஓர் இளம்பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நலமாக உள்ளவர்களுக்கு எந்தப் பகுதி இயங்குமோ அதே மூளைப் பகுதி அவருக்கும் இயங்கியது. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு உடலால் பதில் காட்டாத 241 பேரில் 60 பேர் மூளையால் பதில் சொன்னார்கள். நாலில் ஒருவர்! அந்த மாதிரி எம்.ஆர்.ஐ., மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எல்லா மருத்துவமனையிலும் நடக்காது, அது எனக்கும் தெரியும். கண்ணாடியும் அரை மணி நேரமும் எங்கும் கிடைக்கும்.

வீண் நம்பிக்கை தரக்கூடாது என்பீர்கள். நியாயம்தான். அண்ணன் எழுந்து நடப்பார் என்று வாக்குக் கொடுக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையை வைத்துத்தான் வென்டிலேட்டரை எடுப்பதா வேண்டாமா என்று குடும்பம் முடிவெடுக்கிறது. கனடாவில் ஆறு மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், கடும் தலைக்காயத்தால் இறந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் சிகிச்சையை நிறுத்திய பிறகு இறந்தவர்கள். அதில் பாதிப் பேருக்கு அது முதல் மூன்று நாளுக்குள் நடந்தது.

ஆகவே கேட்கிறேன்: மயக்க மருந்து குறைந்திருக்கும் நேரத்தில் சோதியுங்கள். காது கேட்கிறதா, பார்வை இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். கூட இருக்கும் நர்ஸும் வீட்டாரும் எதையாவது கவனித்ததாகச் சொன்னால் நேரத்தோடு குறித்து வையுங்கள். ‘நினைவில்லை’ என்று எழுதினால் எந்தச் சோதனை, எத்தனை முறை, அடுத்தது எப்போது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அவரைப் பற்றிய பேச்சை அவர் தலைமாட்டில் நின்று பேசாதீர்கள்.

இப்படிக்கு,
தலைக்காயமடைந்த ஒருவரின் தங்கை