வெடி போடாத ஊரும் ஏர் ஹாரன் அடிக்கும் சாலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி வந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக இந்த ஆண்டும் பட்டாசு வெடிக்கவில்லை, வனத்துறையினர் இனிப்பு வழங்கிப் பாராட்டினார்கள் என்று நாலு பத்தி இருக்கும். பக்கத்திலேயே இனிப்புப் பெட்டி கைமாறும் படம். செய்தியில் தப்பில்லை, அத்தனையும் உண்மைதான். ஆனால் அதோடு அடுத்த தீபாவளி வரைக்கும் அந்த ஊர்களை நீங்களும் மறந்துவிடுகிறீர்கள், படிக்கிற நாங்களும் மறந்துவிடுகிறோம். அங்கே நிஜமான தொந்தரவு ஆரம்பிப்பதே தீபாவளிக்கு அப்புறம்தான். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் அது ஓயாது.

நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை–காரைக்குடி வழித்தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். மேலூர், கீழவளவு தாண்டி திருப்பத்தூருக்குப் போகிற வழியில், கொள்ளுக்குடிப்பட்டிக்குச் சாலை பிரிகிற இடத்தில் 'விலக்குல நிப்பாட்டுங்க' என்று இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். மீதிப் பேர் கழுத்தில் பைனாகுலர் மாட்டிய வெளியூர்க்காரர்கள். இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். டைமிங் போகும் என்று இறங்கிப் பார்த்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், போன தை மாதம், பேரனை அழைத்துக்கொண்டு பொடிநடையாக உள்ளே போனேன்.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்களும் சேர்ந்துதான் சரணாலயம். மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம், ஏக்கரில் சொன்னால் நூறுக்குக் கொஞ்சம் குறைவு. அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1977-இல். ஐப்பசி அடைமழையில் கண்மாய் பெருகினால் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் வந்து இறங்கும். கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பங்குனி வெயில் ஏறும்போது கிளம்பிவிடும். மழை பொய்த்த வருஷம் கண்மாயும் வறண்டு கிடக்கும், மரமும் வெறிச்சென்று நிற்கும்.

'அமைதியான கிராமம்' என்று நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். கரையில் ஏறியதும் காதை அடைக்கிற இரைச்சல். நத்தை குத்தி நாரைகள் அலகோடு அலகைத் தட்டி 'டக டக டக' என்று போடும் சத்தம் ஒரு பக்கம். சோறு கேட்டுக் குஞ்சுகள் கத்துவது இன்னொரு பக்கம். மரமெல்லாம் எச்சம் படிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து நிற்கிறது. கவிச்சி வாடை வேறு. பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் பைனாகுலர் கைக்குக் கிடைத்ததும் மூக்கை மறந்துவிட்டான்.

கரைக்குக் கிட்டத்தில் இருந்த ஒரு கூட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சுள்ளி அடுக்கிய கூடு, உள்ளே மூன்று குஞ்சுகள். பெரிய நாரைக்கு மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி இருக்கும். நத்தையைக் கையாள அது தோது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இன்னும் விழவில்லை, அலகு நேராகவே இருந்தது. வெயில் சுள்ளென்று ஏறியதும் தாயோ தகப்பனோ தெரியவில்லை, ஒன்று எழுந்து நின்று இரண்டு சிறகையும் பாதி விரித்தது. குஞ்சுகள் மூன்றும் அந்த நிழலுக்குள் ஒண்டிக்கொண்டன. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நின்றது. கூட்டை விட்டு அசையவே இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு கார் வந்தது. கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, நாலு கதவையும் திறந்து வைத்து, பாட்டை அலற விட்டு, படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பறவைகள் பறந்தால்தான் படம் நன்றாக வரும் போலிருக்கிறது. ஒருவர் வேண்டுமென்றே ஹாரனை அழுத்தினார். ஒரு மரம் மொத்தமும் எழும்பியது, பக்கத்து மரமும் கூடவே எழும்பியது. நான் பார்த்துக்கொண்டிருந்த கூட்டிலும் மூன்று குஞ்சுகள் மட்டும் கிடந்தன, வெயிலில். இரண்டு மரம் தள்ளி ஒரு காக்கை சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. ஒரு கூட்டுக்குள் தலையைவிட்டு எதையோ கொத்திக்கொண்டு போனது. பெரிய பறவைகள் வட்டமடித்துத் திரும்ப வந்து உட்காரக் கொஞ்ச நேரம் ஆனது. காக்கைக்கும் பருந்துக்கும் அவ்வளவு நேரம் போதும். சத்தத்தில் மிரண்டு குஞ்சு கூட்டிலிருந்து தவறித் தண்ணீரில் விழுவதும் உண்டாம்.

ஊர்க்காரர்கள் வெடி போடாததன் காரணம் எனக்கு விளங்கியது அங்கேதான். தீபாவளி வருவதும் ஐப்பசியில், பறவைகள் வந்து கூட்டுக்கு இடம் பிடிப்பதும் ஐப்பசியில். அன்றைக்கு ஒரு சரவெடி போதும், அந்த வருஷம் வேறு கண்மாய் பார்த்துப் போய்விடும்.

காரில் வந்தவர்களை அதட்டியது காவலர் இல்லை, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா. "ஏப்பா, பிள்ளைத்தாச்சி இருக்குற வீட்டுல வந்து இப்படித்தான் கூப்பாடு போடுவீங்களா?" என்று ஒரு போடு போட்டார். பாட்டு நின்றது. நாங்களும் பேச்சுக் கொடுத்தோம்.

"தீபாவளிக்கு மட்டும்தானா ஆத்தா, இல்லை எப்பவுமேவா?" என்று கேட்டேன்.

"தீபாவளி என்னப்பா, ஒரு நாள் கூத்து. சாமி கும்பிடுறோம், கல்யாணம் காதுகுத்து வைக்கிறோம், எதுக்கும் வேட்டுக் கிடையாது, ரேடியோ செட்டு கிடையாது. வர்ற சம்பந்திக்காரங்கதான், என்ன இப்படி எழவு வீடாட்டம் இருக்குன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க."

ஐயா, இதை உங்கள் நிருபர்கள் எழுதி நான் படித்ததில்லை. நம் பக்கத்தில் ஒரு விசேஷத்தை ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் நடத்துவது என்றால் என்ன என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் காது கிழிகிற அளவுக்குப் பாட்டுப் போடும்போது தன் மகள் கல்யாணத்தைச் சத்தமில்லாமல் முடிப்பது சாதாரண விஷயமா? அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதை ஒரு ஊரே தலைமுறை மாற்றிச் செய்துவருகிறது. அந்த ஆத்தாவின் பேரன் பக்கத்தில் நின்றிருந்தான். "ஏன் தம்பி, உனக்கு வெடி போட ஆசை இல்லையா?" என்று கேட்டேன். "அம்மாச்சி ஊருக்குப் போனா போடுவேன்" என்றான் பளிச்சென்று. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகள் பிள்ளைகளாகத்தான் இருக்கிறார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மற்ற நம்மையெல்லாம் பாருங்கள். தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அரசும் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்துக் கொடுத்தது. எங்கள் தெருவில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து வெடித்ததாகத் தெரியவில்லை. நீதிமன்றம் சொல்லியும் நம்மால் முடியாததை யாரும் சொல்லாமலே செய்கிற ஊர் அது.

பறவையை முதலில் காப்பாற்றுவது ஊர்க்காரர்கள், அரசாங்கத்தின் போர்டு அப்புறம்தான் வரும். இது இங்கே மட்டும் நடந்த கதையும் இல்லை. வேடந்தாங்கலிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள்தான் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களிடம் அப்படி எழுத்து எதுவும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. வருஷத்துக்கு ஒரு இனிப்புப் பெட்டி வருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுக்கட்டும். கூடவே வேறு சிலதையும் செய்யலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்று, சரணாலயம் பார்க்க வருகிறவர்களின் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். கரை வரை கார் போவதற்கு ஒரு அவசியமும் இல்லை. நடக்க முடியாத தூரமா என்ன? எங்கள் ஆட்கள் பிள்ளையார்பட்டியில் கொழுக்கட்டைக்கு வரிசையில் நிற்கிறார்கள், குன்றக்குடியில் மலை ஏறுகிறார்கள். பறவை பார்க்க மட்டும் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றால் எப்படி? ஊர் இளைஞர்கள் நாலு பேருக்குப் பருவ மாதங்களில் சம்பளம் கொடுத்து, பைனாகுலர் வாடகைக்குக் கொடுக்கவும் கூட்டிப்போய்க் காட்டவும் வைக்கலாம். எது மஞ்சள் மூக்கு நாரை, எது கரண்டிவாயன், எது பாம்புத்தாரா என்று அந்த ஊர்ப் பையன்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கழிப்பறையும் குடிதண்ணீரும் வருகிறவர்களுக்கு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்மாய்க் கரையையே அசிங்கப்படுத்திவிட்டுப் போகிறார்கள், அப்புறம் ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

அப்புறம் தண்ணீர். வெடி போடாமல் இருப்பது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. மழை ஆண்டவன் கையில். நடுவில் இருக்கிற வரத்துக்கால்வாய் அதிகாரிகள் கையில் இருக்கிறது. ஐப்பசிக்கு முன்னால், ஆவணி புரட்டாசியிலேயே வரத்துக்கால்வாய்களை வெட்டிச் சுத்தம் செய்து வைத்தால் பெய்கிற மழை கண்மாய்க்கு வந்து சேரும். கண்மாய் நிறையாத வருஷத்தில் வெடி போடாமல் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

கடைசியாக, என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். சாலை முன்பு மாதிரி இல்லை. வண்டிகள் கூடிவிட்டன, வேகமும் கூடிவிட்டது. ஏர் ஹாரனுக்குத் தடை இருக்கிறது என்பது பெயருக்குத்தான். திருப்பத்தூர் நேரத்தைப் பிடிக்க மேலூரிலிருந்தே சில தனியார் வண்டிகள் அலறிக்கொண்டு வருவதை விலக்கில் நின்றால் கேட்கலாம். கரையில் நின்றுகொண்டிருந்தபோதும் சாலையில் போன ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. இத்தனை பறவை இரைச்சலைத் தாண்டிக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடித்தால்தான் வண்டி நகரும் என்று நினைக்கிறவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மூத்த ஓட்டுநர்கள் சொல்வார்கள். சாதா எலக்ட்ரிக் ஹாரனே தாராளம்.

விலக்கின் இரண்டு பக்கமும், ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, 'பறவைகள் சரணாலயம், ஹாரன் அடிக்காதீர்' என்று இரவிலும் தெரிகிற மாதிரி பெரிய போர்டு வைக்க வேண்டும். மேலூர், திருப்பத்தூர் பேருந்து நிலையங்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் மார்கழி தை மாதங்களில் திடீர் சோதனை நடத்த வேண்டும். உங்கள் நிருபரையும் அதே மாதங்களில் ஒரு தடவை விலக்கில் நிற்க வைத்துப் பாருங்கள், எழுத நிறையக் கிடைக்கும்.

சோதனைக்குப் போகிற அலுவலர்களுக்கு ஒரு குறிப்பு. ஓட்டுநரை ஹாரன் அடித்துக் காட்டச் சொன்னால் சமர்த்தாக எலக்ட்ரிக் ஹாரனைத்தான் அடித்துக் காட்டுவார். ஏர் ஹாரனுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கும், அது கண்ணில் படுகிற இடத்தில் இருக்காது. அதைத் தேடிக்கொண்டிருக்காமல் வண்டிக்கு அடியில் குனிந்து, பிரேக்குக்குக் காற்றுக் கொடுக்கிற டேங்கைப் பாருங்கள். அதிலிருந்து மெலிதாக ஒரு குழாய் தனியாகப் பிரிந்து முன்பக்கம் போனால், அதன் முனையில் ஹாரன் இருக்கும். அங்கேயே கழற்றி எடுத்துவிடுங்கள். அபராதம் மட்டும் போட்டு அனுப்பினால் அடுத்த டிரிப்பில் மறுபடி அடிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்.