அம்பாசடருக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம் அப்பா

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

அம்பாசடரின் பழைய பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கப் பட்டறையில் பேசிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்வதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தோட்டம்தான். முன்பு கித்தா என்று இங்கே சொல்லும் ரப்பர் மரம் நின்ற இடங்களில் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனை. காலை முழுக்க வெயில், நாலு மணிக்கெல்லாம் மழை. கார் பெயிண்ட்டுக்கு இதைவிடக் கெட்ட ஊர் கிடையாது. நான் வேலை செய்யும் கடைக்குப் பால் மரம் சீவி ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் தன் சிவப்பு புரோட்டான் சாகா என்னும் மலேசியக் காரைக் கொண்டுவந்தார். மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தோட்டத்தில் உழைத்தவர். சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார் என்று அதைத் தடவிக்கொண்டே சொன்னார். சிவப்பு வெளுத்து ரோஸ் ஆகி, தொட்டால் விரலில் சுண்ணாம்பு போல ஒட்டியது.

ஈரத்துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்தேன். துணி சிவப்பானது. தாத்தா பதறிவிட்டார். உண்மையில் அது நல்ல செய்தி. பழைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்னும் நிறமில்லாத பூச்சு இருக்காது, நிறமே மேல்தோல். வெயிலில் கெட்டது மேலே உள்ள மெல்லிய படலம் மட்டும். அதை எடுத்தால் அடியில் அசல் நிறம் இருக்கிறது. புதுக் கார்களில் கிளியர் கோட் உரிந்துவிட்டால் எந்த மெழுகாலும் சரிசெய்ய முடியாது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். நம் வண்டி அந்த ரகமில்லை.

நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதை விட்டுவிடுங்கள். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும். பாலிஷைக் கையால், ஓர் அடி சதுரமாக, மெதுவாகத் தேயுங்கள். மெஷின் வேண்டவே வேண்டாம். வந்த புதிதில் ஒருவரின் பானட் ஓரத்தில் மெஷினை ஒரு கணம் கூடுதலாக வைத்துவிட்டேன், அடியில் உள்ள பிரைமர் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லியது அப்பா.

அப்புறம் மெழுகு. கர்னாபா என்று பெயர். பிரேசில் நாட்டில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. ஓலை காய்ந்து போகாமல் இருக்க மரம் தானே பூசிக்கொள்வது. பனைக்கு நடுவில் உட்கார்ந்து பனைமெழுகைத் தேய்க்கும்போதெல்லாம் நம் ஊர்ப் பனங்காடு நினைவுக்கு வருகிறது. மிக மெல்லிசாகப் பூசி, வெளுப்பாகக் காய்ந்ததும் பழைய பருத்தி பனியனால் துடையுங்கள். தடியாகப் பூசினால் துடைக்கத்தான் கஷ்டம், பலன் கூடாது. மழை பெய்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அப்படி நிற்காமல் பரவிப் படர்ந்தால் மறுபடி பூச வேண்டும். காக்கை எச்சத்தை மட்டும் அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

தாத்தாவின் கார் முடிய மூன்று நாள் ஆனது. சாவியை வாங்கியவர் உடனே ஏறவில்லை, சுற்றிச் சுற்றி வந்தார்.

தீபாவளிக்கு ஊர் வரும் நண்பரிடம் இரண்டு டப்பா மெழுகு கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் டிக்கி மூடியின் உள்பக்க ஓரத்தில், வெளியே தெரியாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் கருநீலம் வந்ததா என்று எழுதுங்கள்.

அன்பு மகன்