லண்டன் குழாய்த் தண்ணீரில் பியர் காய்ச்சும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கருப்பு பியரான ஸ்டவுட் அருமையாக வருகிறது, வெளிர் பியரான பேல் ஏல் மட்டும் துவர்த்துப்போய் கசப்பு நாக்கிலேயே தங்கிவிடுகிறது, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தாய். ஹாப்ஸைத் தொடாதே. கோளாறு தண்ணீரில் இருக்கிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் காரத்தன்மைதான் காரணம்.

மாஷின், அதாவது வெந்நீரில் ஊறும் மால்ட் (முளைகட்டிய பார்லி) கலவையின், பி.எச். (அமில-கார அளவு) 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டும், 5.4 என்றால் நிம்மதி. லண்டன் தண்ணீரின் காரத்தன்மை பெரும்பாலும் 200 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) மேல். வெளிர் மால்ட்டில் அதை அடக்கும் அளவுக்கு அமிலம் கிடையாது. பி.எச். 5.8-க்கு ஏறிவிடும். தானியத்தைக் கழுவும்போது 6-ஐயும் தாண்டினால் உமியிலிருந்து டானின் இறங்கும். நீ சொல்லும் துவர்ப்பு அதுதான். ஸ்டவுட்டில் போடும் வறுத்த பார்லிக்குத் தன் அமிலமே போதும், தண்ணீரின் காரத்தை அது ஈடுகட்டிவிடுகிறது. 1842-இல் யோசப் க்ரோல் பில்சன் நகரத்தின் உப்பு மிகக் குறைந்த மென்னீரில், குளிரில் நொதிக்கும் வெளிர் லாகரைக் காய்ச்சியதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இதை எண்ணாக்கித் தந்தவர் ஜெர்மானியரான பவுல் கோல்பாக், 1953-இல். கால்சியம் பிபிஎம்மை 1.4-ஆல் வகு, மெக்னீசியத்தை 1.7-ஆல் வகு, இரண்டையும் காரத்தன்மையிலிருந்து கழி. காரத்தன்மை 230, கால்சியம் 110, மெக்னீசியம் 5 என்றால் மீதி ஏறக்குறைய 148. ஸ்டவுட்டுக்கு அது பரவாயில்லை. பேல் ஏலுக்கு பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

லாக்டிக் அமிலம் ஊற்றினால் போதாதா என்பாய். 20 லிட்டர் பியருக்கு 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வை. 230-ஐ 30-க்கு இறக்க 88 சதவீத லாக்டிக் அமிலம் ஒன்பதரை மில்லி வேண்டும். அவ்வளவு போட்டால் பியரிலேயே ஒரு புளிப்பு தட்டுப்படத் தொடங்கும். அதனால் முதலில் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துவிடு. காரத்தன்மை 115 ஆகிவிடும், மீதிக்கு 4 மில்லி அமிலம் போதும். ஆர்.ஓ. கிடைக்காவிட்டால் முந்தைய இரவே தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்ததும் அடியில் படிந்த சுண்ணாம்பைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்துக்கொள். இதில் கால்சியமும் சேர்ந்து போய்விடும், அதைத் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் குளோரினும் குளோரமைனும் போக வேண்டும். பாதி கேம்ப்டன் மாத்திரையை (சல்ஃபைட் மாத்திரை) பொடித்து அந்த 28 லிட்டரில் கலக்கு, சில நிமிடம் போதும். குளோரமைன் கொதித்தாலும் லேசில் போகாது, நம்பாதே. இதை விட்டுவிட்டால் பியரில் பிளாஸ்திரி வாசம், ஆஸ்பத்திரி வாசம் வரும். வந்த பிறகு அதற்கு வைத்தியம் கிடையாது. கிராம்பு வாசம் வந்தால் அது வேறு கதை. தண்ணீர் காரணமில்லை, கோதுமை பியர் ஈஸ்ட்டோ, நீ அழைக்காமல் உள்ளே வந்த காட்டு ஈஸ்ட்டோ செய்த வேலை.

காரத்தை இறக்கிய பிறகுதான் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பேல் ஏலைப் படித்துவிட்டு அந்த ஊர்த் தண்ணீர்போல சல்ஃபேட்டை 600 பிபிஎம்முக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், வாய் வறண்டுபோகும். பாதிக்குப் பாதி கலந்த 28 லிட்டருக்கு ஜிப்சம் 4 கிராம், கால்சியம் குளோரைடு 2 கிராம். சல்ஃபேட் 100-ஐ ஒட்டியும் குளோரைடு 50-ஐ ஒட்டியும் வரும். ஹாப்ஸ் கூர்மையாகத் தெரியும், மால்ட்டும் அமுங்காது. கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் சரக்கு. டப்பாவை இறுக்கி மூடாவிட்டால் தராசு 2 கிராம் காட்டும், உப்பு அவ்வளவு இருக்காது.

தானியத்தைக் கொட்டிப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து ஒரு கரண்டி எடுத்து, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு பி.எச். பார். சூடாக அளந்தால் எண் 0.3 வரை குறைத்துக் காட்டும், மீட்டரின் முனையும் சீக்கிரம் கெடும். பேப்பர் பட்டையை வைத்து முடிவெடுக்காதே.

இனி ஈஸ்ட். தண்ணீரைச் சரிசெய்தவன் அடுத்துத் தவறுவது இங்கேதான். பி.எச். அளவுகோலை சோரன்சன் 1909-இல் வகுத்ததும், அதற்கு முன்பு 1883-இல் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்ததும் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில்தான். நமக்குத் தேவையான இரண்டும் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை!

உன் பேல் ஏலுக்கு யூ.எஸ்.-05 ஈஸ்ட் போடு. தன் வாசத்தைத் திணிக்காது, அடர்த்தி (தண்ணீர் 1.000) 1.048-இல் தொடங்கினால் 1.010 அருகே முடிக்கும். 20 லிட்டருக்கு 11.5 கிராம் பாக்கெட் ஒன்று, 18 டிகிரி. இந்த 18 பியரின் வெப்பம், அறையினுடையது அல்ல. முதல் இரண்டு மூன்று நாள் நொதித்தல் வேகமாக நடக்கும்போது வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடும். வெப்பமானியை வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துணியை மடித்துக் கட்டிப் பார்.

ஆங்கில பாணி வேண்டும் என்று லாலிமாண்டின் 'லண்டன்' ஈஸ்ட்டை எடுத்தால் ஒன்று தெரிந்துகொள். அதற்கு மால்டோட்ரையோஸ் என்ற சர்க்கரை செரிக்காது. 1.015-இல் நின்றுவிடும். நொதித்தல் நின்றுபோனது என்று பயந்து பலர் வேறு ஈஸ்ட்டைக் கொட்டிவிடுகிறார்கள். விட்ட சர்க்கரையைப் புது ஈஸ்ட் தின்னத் தொடங்கும். பாட்டிலில் அடைத்த பிறகு அது நடந்தால் பாட்டில் வெடிக்கும். பியரின் கனம் குறைய வேண்டுமானால் மாஷை 65 டிகிரியில் வை, அவ்வளவுதான். பெல் சைசான்போன்ற ஈஸ்ட்டோ நேர் எதிர். மற்றவை தொடாத மாவுச் சர்க்கரையையும் உடைத்துத் தின்னும். அது பட்ட குழாயை அடுத்த பியருக்குப் பயன்படுத்தாதே.

லாகர் காய்ச்ச ஆசை என்றும் எழுதியிருந்தாய். அதற்கு முழுக்க ஆர்.ஓ. தண்ணீர், கால்சியம் குளோரைடு மட்டும். கால்சியத்தை 50 பிபிஎம் பக்கம் கொண்டுவா, ஈஸ்ட் செல்கள் ஒன்றோடொன்று பிடித்துத் திரண்டு அடியில் உட்கார கால்சியம் வேண்டும். டபிள்யூ-34/70 என்ற லாகர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட், 12 டிகிரி. ஒரு பாக்கெட்டில் மிச்சம் பிடிக்காதே, குளிரில் அது திணறும். 1.020-க்கு இறங்கியதும் 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடு, வெண்ணெய் வாசம் தரும் டையசெட்டிலை ஈஸ்ட்டே திரும்ப உண்டுவிடும். முடிந்ததா என்று அறிய ஒரு குவளையை மூடி 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வை. பிறகு ஆறவைத்து, சூடாக்காத இன்னொரு குவளையோடு மாற்றி மாற்றி முகர்ந்து பார். சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் இன்னும் இரண்டு நாள் பொறு.

உன் பகுதித் தண்ணீர் அறிக்கையை குடிநீர் நிறுவனத்தின் தளத்தில் அஞ்சல் குறியீடு கொடுத்து எடு. அதில் பைகார்பனேட் என்று இருந்தால் 0.82-ஆல் பெருக்கினால் காரத்தன்மை. அந்த எண்ணையும் கால்சியம், சல்ஃபேட், குளோரைடு எண்களையும் எழுதி அனுப்பு. அமிலமும் உப்பும் உன் தண்ணீருக்கு எவ்வளவு என்று கிராம் கணக்கில் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்