செல்போன் கோபுரம் கேட்டு எங்கள் ஊரின் நான்காவது மனு

அனுப்புநர்
மகளிர் சுயஉதவிக் குழுச் செயலாளர்,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
ஜவ்வாதுமலை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: சிக்னல் இல்லாத எங்கள் மலைக்கிராமத்துக்குச் செல்போன் கோபுரம் அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. சென்ற கார்த்திகையில், சாமை அறுப்பு நேரத்தில், ரேஷன் கடைக் கட்டடத்தைத் திறக்க வந்தீர்கள். அன்று தங்கள் உதவியாளர் போனைத் தூக்கிப் பிடித்தபடி புளியமரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் பையன் ஒருவன்தான் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையைக் காட்டினான்.

1. அந்தப் பாறையின் வடக்கு ஓரத்தில் நின்றால் ஒரு கம்பெனியின் சிக்னல் மட்டும் ஒரு கோடு வரும். அடிவாரத்து டவர் அந்தத் திசையில் இருக்கிறது, மற்ற பக்கமெல்லாம் மலை மறைக்கிறது. கரண்ட் போய் டவர் பேட்டரியும் இறங்கிவிட்டால் அந்தக் கோடும் இல்லை. ரேஷன், வங்கி, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், எதற்கு ஓடிபி வந்தாலும் பாறை ஏற வேண்டும்.

2. வைகாசியில் வேறொரு கம்பெனி ஆட்கள் வாரச் சந்தையில் குடை போட்டு உட்கார்ந்தார்கள். நம்பர் மாறாது, எங்கள் டவர் உங்கள் மலையில் நன்றாக எடுக்கும் என்றார்கள். நம்பி 31 குடும்பங்கள் மாறினோம். மாறுவதற்கு 1900க்கு மெசேஜ் அனுப்பவே பாறை ஏறினோம். பதிலுக்கு வரும் எட்டெழுத்துக் குறியீடு நான்கு நாள்தான் செல்லும். சந்தையோ வாரத்துக்கு ஒரு நாள். எனக்கு முதல் குறியீடு அப்படியே காலாவதியானது. இரண்டாவது முறை சந்தைக்கு முந்தின நாள் பாறை ஏறி வாங்கினேன். புது சிம் போட்ட பிறகு பார்த்தால் வீட்டிலும் எடுக்கவில்லை, பாறையிலும் எடுக்கவில்லை. அவர்கள் டவர் மலைக்கு அந்தப் பக்கம். பழையதற்கே திரும்பலாம் என்றால் 90 நாள் முடிய வேண்டும் என்பது விதி. புது நம்பர் வாங்கினால் ஆதார், வங்கி, ரேஷன் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும், அத்தனை நாள் கூலியை யார் தருவார்கள்?

3. ஆடி மாதம் ஒரு இரவு பத்து மணிக்கு என் மாமனார் இறந்துவிட்டார். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், அவர்தான் மூத்த மகன். போனைப் பாலிதீன் கவரில் சுற்றிக்கொண்டு மழையில் பாறை ஏறினேன். சின்ன மகள் டார்ச் பிடித்தாள். நடுராத்திரி வரை வடக்கு ஓரம், தெற்கு ஓரம், உச்சி என்று நின்று பார்த்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. பழைய கம்பெனி சிம் இருந்த இரண்டு வீட்டிலும் போனில் சார்ஜ் இல்லை, கரண்ட் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. விடிந்ததும் என் கொழுந்தனார் தார் ரோடு வரை நடந்து போய், ஒன்பதே காலுக்குத்தான் போன் செய்தார். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அவர் பார்த்தது பன்னிரண்டரைக்கு. ஐஸ் பெட்டி வண்டி எங்கள் மண் ரோட்டில் ஏறாது. நாலு மணிக்கு அடக்கம் செய்துவிட்டோம். அவர் வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. ஈர மண்மேல் உட்கார்ந்து, "ஒரு பிடி மண்ணு போட விடலையே" என்று என்னைக் கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன் ஐயா? இரவே தெரிந்திருந்தால் காலையிலேயே வந்திருப்பார். பெற்ற அப்பன் முகத்தைப் பார்த்திருப்பார்.

4. 90 நாள் முடிந்து பழைய கம்பெனிக்கே திரும்பிவிட்டோம். மறுபடியும் அதே பாறை, அதே ஒரு கோடு. நம்பர் மாறாமல் கம்பெனி மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 முதல் நாடு முழுக்க இருக்கிறது. டவரே இல்லாத ஊரில் அதை வைத்து நாங்கள் என்ன செய்ய?

5. இதே ஜவ்வாதுமலையில் காவலூரில் 1986 முதல் 93 அங்குலத் தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே அதைக் கொண்டுவந்து நிறுத்த முடிந்த அரசாங்கத்துக்கு எங்கள் ஊரில் ஒரு டவர் நிறுத்த முடியாதா? சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022இல் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? இதைத்தான் மூன்று மனுவிலும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் ரசீது கொடுத்து, பதில் மெசேஜில் வரும் என்றார்கள். மெசேஜ் எங்கே ஐயா வரும்?

6. கோபத்தில் எழுதியிருந்தால் மன்னிக்கவும். தங்களை விட்டால் எங்களுக்கு வேறு யார்? அதிகாரிகளை அனுப்பி வீடு வீடாகச் சிக்னலை அளக்கச் சொல்லுங்கள். டவர் வரும்வரை, மழைக்காலத்துக்காவது, நடமாடும் டவர் வண்டி ஒன்றைப் பள்ளி மைதானத்தில் நிறுத்துங்கள். சிக்னல் இல்லாத ஊர்களுக்கு அந்த 90 நாள் விதியைத் தளர்த்தும்படி தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதுங்கள். கோபுரத்துக்குக் கோயில் மேட்டில் இடம் தர ஊர்க்கூட்டத்தில் சம்மதித்துவிட்டோம்.

கோபுரம் வேண்டும் ஐயா. அடுத்த ஆடி மழைக்கு முன்னால் வேண்டும். இந்த மனுவுக்கான பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பாக,
குழுச் செயலாளர்.

இணைப்பு: 31 குடும்பத்தாரின் கையெழுத்தும் கைரேகையும், முந்தைய மனு ரசீதுகளின் நகல் மூன்று.